உறுதி – எட்டுப் பேர்

அன்று மாதா கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: புதிதாகச் சாரணர் உறுதிமொழி எடுக்கவிருந்த எட்டுப் பையன்களின் தாய்மார்கள், எங்கள் படையை இருபது வருடமாக நடத்திவரும் தலைவர், அவருக்குத் துணையாக இருக்கும் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பாதர் தைப்பிங்கில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கோயில் அலுவலகத்தில் அறிவிப்புத் தாள் தட்டச்சு செய்யும் அக்கா வரவில்லை. அவரை அழைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அழைக்கவில்லை.

ஈப்போவில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்யும் தாய்தான் முதலில் எழுந்தார். நான்காக மடித்த தாள் ஒன்றை மேசையில் விரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் வாசலில் கொடுக்கும் அறிவிப்புத் தாள். கூட வேலை செய்யும் பெண் கொண்டுவந்து கொடுத்தாளாம். அதில், "அடுத்த மாதம் முதல் ஞாயிறு உறுதிபூசுதல் பெறுவோர்" என்று தலைப்பு. கீழே எட்டுப் பெயர்கள். எட்டும் எங்கள் பையன்கள். ஏழு பேர் இந்துக்கள்.

"உறுதிபூசுதல்னா என்னா தம்பி? என்னத்த பூசுவாங்க?"

"எண்ணெய்க்கா. நெத்தியில. சர்ச்சுல முழுசா சேர்றப்ப பூசுவாங்க."

"கேம்ப்ல தலையில தண்ணி ஊத்தியாச்சு. இப்ப நெத்தியில எண்ணெய். அடுத்து என்னா, சீயக்காயா?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கலா. என் மவன் பேருக்குப் பின்னால அவன் அப்பன் பேரையும் சேத்துப் போட்டிருக்காங்க. சூராட் பெரானாக், அந்தப் பொறப்புப் பத்திரத்த பாத்துத்தானே போட்டிருப்பாங்க?"

அவர் சொன்னது எனக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணக்குதான். அந்தத் தாளை நான் மூன்று நாளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் அலுவலக அக்கா பையன்களின் பிறப்புப் பத்திர நகல் கேட்டார். முகாம் காப்புறுதிக்கு என்றார். காப்புறுதிக்கு அடையாள அட்டை எண் போதாதா? விழா அன்று எல்லாரும் வெள்ளைச் சட்டை கொண்டுவரட்டும் என்று பாதர் சொன்னார். சீருடை இருக்கும்போது வெள்ளைச் சட்டை எதற்கு? புதன்கிழமை அலுவலகத்துக்குப் போனபோது, என்னைக் கண்டதும் அக்கா மேசையில் கிடந்த கோப்பை மூடி இழுப்பறைக்குள் தள்ளினார். "என்னக்கா அது?" என்றேன். "அது சர்ச்சு பைல்லா, ஒனக்கு எதுக்கு?" என்று சொல்லி ஒரு துண்டு குவே பலகாரம் எடுத்து நீட்டினார். வாங்கினேன். சாப்பிடவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டேன்.

நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தை விற்றபோது ஒரு தாள் வந்தது. வாசித்துக் காட்ட ஆளில்லாமல் அப்பா கைநாட்டு வைத்தார். வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான் வாசித்துச் சொன்னால்தான் அப்பா தொடுவார். அச்சடித்த எழுத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான்.

ஆனால் இந்த மாதா கோயிலை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. படையைத் தொடங்கியது கோயில். மண்டபம் இலவசம். எங்கள் கொடி பீடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வருடத்தில் ஒரு நாள், உறுதிமொழி அன்று மட்டும் வெளியே வரும். புதிய பையன்கள் கோயில் படியில் வரிசையாக நின்று கொடித்துணியின் ஓரத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு உறுதிமொழி சொல்வார்கள். பதிமூன்று வயதில் நானும் பிடித்தேன். அதற்கு முந்தின முகாமில், ஆற்றங்கரையில் என்னை மண்டி போட வைத்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். புது ஆளுக்கு அது வழக்கம். நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்தார்கள். சென்ற மாதம் அந்த வாளியைப் பிடித்து ஊற்றியவன் நான்தான்.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தலைவரிடம் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் சேந்தப்பவே ஊத்துனாங்க," என்றார். "வெளையாட்டுலா."

"ஒங்களுக்கு வெளையாட்டு. அவங்களுக்கு அது ஞானஸ்நானமா இருந்தா?" என்றார் சலவைப் பிரிவு அக்கா.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த எட்டாவது தாய், எங்களில் ஒரே கிறிஸ்தவர், மெதுவாகச் சொன்னார்: "எம்பையன் போன வருஷமே உறுதிபூசுதல் வாங்கிட்டான். அதை ஒரு தடவதான் வாங்கலாம். ஞானஸ்நானம் இல்லாதவங்களுக்குக் குடுக்கவும் மாட்டாங்க. எங்கியோ தப்பு நடந்திருக்கு."

அந்த மண்டபத்தில் அன்று பேசப்பட்டதிலேயே விஷயம் தெரிந்தவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அவர் கோயில் பக்கம், அப்படித்தான் பேசுவார் என்று நான் நினைத்தேன்.

"பாதர் வரட்டும். அவர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுப்போம்," என்றார் தலைவர்.

"கேட்டா என்னண்ணே சொல்வாரு? இல்லன்னுதானே சொல்வாரு," என்றேன்.

தாய்மார்கள் தலையாட்டினார்கள். படித்த தம்பியே சொல்லிவிட்டது. ஏழு பையன்களும் கோயிலில் உறுதிமொழி எடுப்பதில்லை, பழைய தோட்டத்துப் பொதுமண்டபத்தில் எடுக்கட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. மண்டபத்துக்கு முன்பணத்தையும் அன்றைக்கே அனுப்பிவிட்டோம். தலைவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கினார்.

திங்கட்கிழமை, விழாவை மாற்றிவிட்டோம் என்று சொல்ல அலுவலகத்துக்குப் போனேன். அறிவிப்புத் தாளையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். அக்கா முன் வைத்து, "இது என்னக்கா?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்துத் தேடி என் பக்கம் திருப்பினார். நான் அனுப்பிய செய்தி.

"அக்கா, அடுத்த மாசம் முதல் ஞாயிறு உறுதி – எட்டுப் பேர். நோட்டீஸ்ல போட்டுடுங்க." கீழே எட்டுப் பெயர்கள், தகப்பன் பெயரோடு. நான் தட்டியவை.

"நீ உறுதின்னு போட்டே. எங்களுக்கு உறுதின்னா அது ஒண்ணுதான் தம்பி. போன வருஷத் தாள்ல, நீ அனுப்புன பேர அப்படியே எடுத்து ஒட்டிட்டேன். பேரப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல."

"அப்ப அந்த பைல்?"

"கல்யாண பைல்லா! பொண்ணு வீட்டு சமாச்சாரம். ஒனக்குக் காட்டணுமா?" கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சனிக்கிழம கூட்டம் போட்டீங்களாமே. என்னைக் கூப்பிட்டிருந்தா அங்கயே இத காட்டியிருப்பேன்."

வெள்ளைச் சட்டையைப் பற்றியும் கேட்டுவிட்டேன். சீருடை முழுசாக வாங்க முடியாத பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். எல்லாரும் வெள்ளையில் வந்தால் யாரென்று தெரியாது என்று பாதர் நினைத்தாராம். அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

வெளியே வந்து சலவைப் பிரிவு அக்காவை அழைத்தேன். பிழை என்னுடையது, உறுதிமொழி என்று முழுசாக எழுதாமல் விட்டேன், கோயில் படியிலேயே வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"சரி தம்பி. தாள் தப்பு. ஒத்துக்கறேன்," என்றார். "அந்தத் தண்ணி?"

"அது வழக்கம்க்கா."

"யாரு வழக்கம்?"

யாருடையது என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகொரு நாள் பாதரிடம் கேட்டேன், தான் இங்கே வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது என்றார். அவர் முகத்தை அப்போதும் ஒரு கணம் உற்றுப் பார்த்தேன்.

"மனசு ஒருவாட்டி விட்டுப்போச்சுலா. சந்தேகத்தைக் கிளப்பி விட்டது நீதான். இப்ப நீயே வந்து போலாம்னா எப்படிப் போறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் சலவைப் பிரிவு அக்கா.

முதல் ஞாயிறு, கிறிஸ்தவப் பையன் ஒருவன் மட்டும் கோயில் படியில் தனியாக நின்று, தலைவர் முன்னால், கொடியின் ஓரத்தைப் பிடித்து உறுதிமொழி சொன்னான். கொடி கோயிலுக்குச் சொந்தம். கோயில் எல்லையைத் தாண்டி வராது. அதே நேரத்தில் நான் பொதுமண்டபத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே, ஏழு பையன்களுக்கு முன்னால் நின்றேன். புதுக் கொடியில் மடிப்புக் கோடுகூடப் போகவில்லை. ஏழு பேரும் அதன் ஓரத்தைப் பிடித்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவன், "அண்ணே, இந்தக் கொடி எங்க இருக்கும்?" என்று கேட்டான். என் வீட்டில்தான் என்றேன்.

மண்டப வாடகை, நாற்காலி, பையன்களைக் கொண்டுவந்த வேன், புதுக் கொடி எல்லாம் சேர்த்து ஏழு வீடுகளும் கொடுத்தது, வீட்டுக்கு எழுபத்தெட்டு ரிங்கிட். மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தாறு ரிங்கிட்.