இசபெல்லா சொல்லாத முடிவுகள்

சீனித்தாய்க்கு ஒரு கதை பாதியில் நின்றுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் கஷ்டம் அவளுக்குப் புருஷன் கடையால் வந்தது. வன்னியபெருமாளின் பலசரக்குக் கடையில் மல்லியும் மிளகும் கருப்பட்டியும் பழைய வாரப் பத்திரிகைத் தாளில்தான் பொட்டலமாகும். எடைக்கு வாங்கிய தாள்கட்டைப் பிரித்து அளவாகக் கிழித்து அடுக்குவது அவள் வேலை. கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாள். குடும்பக் கதையும் காதல் கதையும் அவளை நிறுத்தியதில்லை. சுடுகாட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கை எட்டிப் பார்த்தது என்றோ, சந்திரனுக்குப் போன ராக்கெட் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு ஆள் கூடுதலாக இருந்தான் என்றோ வந்துவிட்டால் போதும், உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது. அடுத்த வாரத் தாள் எந்தக் கட்டில் கிடக்கிறதோ, கடைக்கு வராமலே போயிற்றோ, யாருக்குத் தெரியும்? அதனால் மிச்சக் கதையை அவளே முடித்துக்கொள்வாள்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அவளுக்கு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தாள். பிள்ளை இல்லை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் இசபெல்லாவின் வீடு.

இசபெல்லா கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். அவள் அண்ணன் ரோச், கரைக்கும் நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்குமாகச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தான். மாலுமிகள் படித்து முடித்துக் கழித்துப்போட்ட இங்கிலீஷ் புத்தகங்களை அவன் தங்கச்சிக்கு அள்ளிக்கொண்டு வருவான். அட்டை போனது, உப்புத் தண்ணீரில் ஊறி அப்பளமாகப் பொரிந்தது என்று எல்லாம் இருக்கும். உள்ளே பேய், பிசாசு, வேற்றுக் கிரகம், மந்திரவாதி.

எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீரகம் வாங்க வந்த இசபெல்லா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று தாளைப் படித்தாள். "ஐயோ, மிச்சம் எங்கக்கா?" என்றாள்.

"மிச்சம் வேணுமா? நான் சொல்லுதேன், கேளு" என்றாள் சீனித்தாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான்கு வருஷம், ஞாயிறுதோறும் கோயில் பூசை முடிந்து வந்த இசபெல்லா மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் மதிலேறிக் குதித்து வந்துவிடுவாள். சாயங்காலம் வரைக்கும் கடை சாத்தியிருக்கும். வன்னியபெருமாள் உள்ளே குறட்டை விடுவார். கொல்லையில் முருங்கை நிழலில் பாயை விரித்து, இசபெல்லா இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள். சொல்லுவதைவிட இரண்டு பேரும் சண்டை போடுவதுதான் அதிகம்.

"அந்த ஊர்ப் பேய் ஏம்ளா மரத்துல ஏற மாட்டேங்கு? எப்பப் பாரு வீட்டுக்குள்ளயே கெடக்கு."

"அங்கன பனி கொட்டுமேக்கா. வெளிய இருந்தா வெறச்சுப் போகும்."

"செத்த பெறவும் குளுருமாக்கும்?"

இரும்பால் செய்த மனிதன் ஒருவன் வரும் கதைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அவனுக்கு ஆத்துமா உண்டா, அவன் கேட்டால் சாமியார் ஞானஸ்நானம் கொடுப்பாரா என்பது இசபெல்லாவின் சந்தேகம். "அவனுக்குப் பசிக்குமா, அதச் சொல்லு முதல்ல. பசிக்காதவன் எப்படி மனுசனாவான்?" என்பாள் சீனித்தாய். "பசிக்காதவன் அழக்கூடாதாக்கா?" என்று இசபெல்லா திருப்பிக் கேட்டாள். அந்த வாரம் முழுக்கச் சீனித்தாய் பருப்பு நிறுக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் இப்படி ஒன்றைக் கேட்பதற்கு உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் முக்கால்வாசிப் புத்தகங்களுக்கு முடிவு இருப்பதில்லை. நல்ல இடம் வரும்போது இசபெல்லா புத்தகத்தை மூடிவிட்டு, "இதுக்கு மேல பக்கம் கிழிஞ்சிருக்குக்கா. கப்பல்காரனுவ சுருட்டுப் பத்த வைக்கக் கிழிச்சிருப்பானுவ. நீங்களே முடிங்க" என்பாள். சீனித்தாய் முடிப்பாள். இசபெல்லா மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு கண்கொட்டாமல் கேட்பாள்.

அவற்றில் ஒன்றுதான் கயிற்றுக் கதை. கடல் வற்றிச் செத்துப்போன ஒரு கிரகம். அங்கே போய் இறங்கிய ஆட்கள், வெறும் மணலுக்குள் ஒரு நங்கூரக் கயிறு இறங்கிப் போவதைப் பார்க்கிறார்கள். பிடித்து இழுக்கிறார்கள். கீழேயிருந்து ஏதோ ஒன்று திருப்பி இழுக்கிறது. அதோடு பக்கம் இல்லை என்று இசபெல்லா சொல்லிவிட்டாள்.

சீனித்தாய் இரண்டு வாரம் யோசித்தாள். இசபெல்லாவின் அப்பா அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கப் போனவர்களுக்குப் படகில் நின்று கயிறு பிடித்தவர். கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள், அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கவனமாக இருப்பான் என்று இசபெல்லா ஒருநாள் சொல்லியிருந்தாள். கீழே மூச்சு முட்டினால் முங்கினவன் கயிற்றைச் சுண்டி இழுப்பான், மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு சீனித்தாய் கதையை முடித்தாள். மணலுக்குக் கீழே இருப்பது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கடல் இருந்த காலத்தில் முங்கினவன். தூக்கச் சொல்லி ஆயிரம் வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். மேலே நிற்பவர்களுக்கு அது புரியவில்லை. பயந்து கயிற்றை அறுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

 இசபெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அப்பாகிட்ட இதச் சொல்லணும்க்கா" என்றாள்.

அடுத்த வருஷம், எழுபத்தேழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இசபெல்லா வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வராமல் இருப்பது வழக்கம்தான், மாதா சபைக் கூட்டம் என்று சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் கடை திறந்ததும் ஜேசுபாதம் வாத்தியார் காராச்சேவு வாங்க வந்தார். சாயர்புரத்துக்காரர், ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துபவர்.

"ரெண்டு கிலோ போடுங்க அண்ணாச்சி. எங்க வாசகர் வட்டத்துக்கு" என்றார்.

"அது என்ன வட்டம் சார்?"

"பேய்க்கதை, விஞ்ஞானக் கதை படிக்கிறவங்க மாசம் ஒருக்கா கூடிப் பேசுதோம். வாசகசாலை மாடியில. யாரு வேணும்னாலும் வரலாம்."

உள்ளே தாள் கிழித்துக்கொண்டிருந்த சீனித்தாயின் கை நின்றுவிட்டது. இப்படி ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறதா! முதலில் அவளுக்குத் தோன்றியது, இசபெல்லாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான். சேலையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். "அவ மீட்டிங் போயிருக்காளே" என்றாள் இசபெல்லாவின் அம்மா. சரி, நாம் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு சீனித்தாய் வாசகசாலைக்கு நடந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது. தெரிந்த குரல். வாசல் பக்கம் போய் நின்று பார்த்தாள். இருபது பேர் இருப்பார்கள், ஆபீசர்களும் வாத்தியார்களும் காலேஜ் பெண்களுமாக. முன்னால் நின்று இசபெல்லா பேசிக்கொண்டிருந்தாள். முருங்கை நிழலில் பேசுகிற பேச்சு இல்லை, திருத்தமான மேடைப் பேச்சு.

"...அது தாக்கவில்லை. தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேலே நின்றவர்கள் கயிற்றை அறுத்தார்கள்."

அறை முழுக்கக் கை தட்டியது. அந்த நிமிஷத்தில் சீனித்தாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கதைக்கா இத்தனை பேர் கை தட்டுகிறார்கள்! இப்போது இசபெல்லா தன் பேரைச் சொல்லுவாள் என்று முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

ஜேசுபாதம் எழுந்தார். "இந்தப் புஸ்தகத்த நானும் இசபெல்லாகிட்ட வாங்கிப் படிச்சேன். அதுல கடைசியா மணலுக்குக் கீழ ஒரு பழைய மிஷின் சுத்திக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். இசபெல்லா மாத்தி எழுதுன முடிவுதான் முடிவு. போன மாசம் இரும்பு மனுசனுக்குச் சொன்னாங்களே, அதுவும் அப்படித்தான். நம்ம வட்டத்துக்கு ஆள் வாரதே இவங்க முடிவுகளக் கேக்கத்தான்."

இசபெல்லா தலையைக் குனிந்து சிரித்தாள்.

புத்தகத்தில் முடிவு இருந்ததா? சீனித்தாய்க்கு அது உறைக்கச் சற்று நேரமானது. அந்தப் புத்தகத்தை அவள் மடியில் வைத்துப் புரட்டியிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாததால் எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்று பார்த்ததில்லை. இசபெல்லா சொன்னாள், அவள் நம்பினாள்.

அப்போதுதான் வாத்தியார் அவளைப் பார்த்தார். "வாங்கம்மா! நம்ம அண்ணாச்சி வீட்டம்மாதானே? உங்களுக்கும் இந்த மாதிரிக் கதையெல்லாம் பிடிக்குமா?"

இசபெல்லா திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "எங்க பக்கத்து வீட்டு அக்கா சார். பொட்டலத் தாள்ல வாரதப் படிப்பாங்க. இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது... என்னத் தேடி வந்திருப்பாங்க."

ஒரு காலேஜ் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அக்கா, இந்தக் காராச்சேவ எல்லாருக்கும் கொஞ்சம் குடுத்திருதீங்களா?"

சீனித்தாய் தட்டை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்கு விளங்கியதில்லை. வரிசையாக எல்லாருக்கும் நீட்டினாள். இசபெல்லாவுக்கும் நீட்டினாள். இசபெல்லா அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் சீனித்தாயே பேச்சை எடுத்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஏளா, கடைசிப் பக்கமெல்லாம் இருந்துச்சா?"

இசபெல்லா குனிந்து குழாயை மூடினாள்.

"எல்லாப் புஸ்தகத்துலயுமா?"

"ஒண்ணு ரெண்டு நெசமாவே கிழிஞ்சிருந்துச்சுக்கா. பெறகு... நீங்க முடிக்கது புஸ்தகத்தவிட நல்லா இருந்துச்சு. அதான்."

"நல்லா இருந்தா என் பேரச் சொல்லுறதுக்கு என்ன?"

"சொல்லத்தான் நெனச்சேன். முதல் தடவ கை தட்டுனாங்க, வாய் வரல. அடுத்த தடவ எப்படிச் சொல்லுவேன்? ஆபீஸ்ல என்னய யாரு திரும்பிப் பாக்கா? அங்கன நாலு பேரு பாத்தாங்க." சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது. "கயிறு எங்க அப்பா பிடிச்ச கயிறுக்கா. நான் சொல்லாட்டா உங்களுக்குத் தெரியுமா?"

"கயிறு உங்கப்பாவோடதுதான். இல்லங்கல. அறுத்தவ நான்" என்றாள் சீனித்தாய். "எடுத்தது கூடப் போகட்டும். எனக்குப் புரியாதுன்னு சொன்னியே. நாலு வருசமா யாருகூடளா பேசுன நீ?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாயை எடுக்கக் கை தானாகப் போனபோதுதான் அழுதாள்.

வன்னியபெருமாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கதைதானே? ஒண்ணு போனா இன்னொண்ணு செய்யேன்" என்றார். அவர் நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் இருக்கும்போது அந்தப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

தை பிறந்ததும் இசபெல்லாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கொச்சியில் வேலை. பத்திரிகை வைக்க அம்மாவும் ரோச்சும்தான் வந்தார்கள். சீனித்தாய் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் திரும்பினாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஜேசுபாதம் வாத்தியாரிடம் அவளே கேட்டாள். "நானும் ஒரு கதை சொல்லலாமா சார்?" வாத்தியார் சந்தோஷமாகச் சரி என்றார். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருத்தியின் நிழல் வெள்ளை உப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுப்பதாக ஒரு கதையைச் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஆனாலும் முடிவு வந்தபோது கை தட்டினார்கள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அப்படியே இசபெல்லா பாணி!" என்றார் வாத்தியார். "பக்கத்து வீட்டுல இருந்து கேட்டுக் கேட்டே வந்திருச்சு, பாருங்க."

சீனித்தாய் எழுந்து நின்றாள். "சார், அது அவ பாணி இல்ல. அவ சொன்ன முடிவெல்லாம் நான் சொன்னது."

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வாத்தியார் கனிவாகத் தலையை ஆட்டினார். "உங்க சிநேகிதம் அப்படி. அவங்களும் கொச்சிக்குப் போகும்போது உங்களப் பத்தித்தான் விசாரிச்சாங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றரை வருஷம் அவர் காதால் கேட்டது இசபெல்லாவின் குரலைத்தானே.

இனிமேல் படியேறக் கூடாது என்றுதான் அன்று நினைத்தாள். ஆனால் அடுத்த மாதமும் போனாள். பேய்க்கும் ராக்கெட்டுக்கும் வாதாட அவளுக்கு வேறு இடம் ஏது? ஒருநாள் வாத்தியாரிடம் ஒரு உதவி கேட்டாள். இசபெல்லா கொடுத்து அவர் படித்த புத்தகங்களில் உண்மையிலேயே என்ன முடிவு இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவரும் காராச்சேவு வாங்க வரும்போதெல்லாம் கடையில் நின்று சொன்னார். பெரும்பாலும் சப்பென்று இருந்தன. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவாள்.

தினமும் கதவு தட்டப்படுகிற கதையின் முடிவை அவர் சொன்னது ஒரு மழைநாளில். தனியாக இருக்கிற ஒருத்தியின் கதவை யாரோ தட்டுகிறார்கள். திறந்தால் ஆள் இல்லை. அதற்குச் சீனித்தாய், வாசலில் உப்பைக் கொட்டி அந்தப் பேயை விரட்டுவதாக ஒரு முடிவு சொல்லியிருந்தாள். இசபெல்லா அதையும் வட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

"புஸ்தகத்துல வேற மாதிரிம்மா. ஒருநாள் தட்டுற சத்தம் வராது. அவ காத்துக்கிட்டே இருப்பா. மறுநாளும் வராது. பொறுக்க முடியாம எந்திரிச்சுப் போயி, ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவா இவ தட்ட ஆரம்பிப்பா. அதோட முடிஞ்சிரும்."

சீனித்தாய் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தன் முடிவைவிட அது எவ்வளவோ மேலே நின்றது. கதை சொன்ன அன்றே இந்த முடிவையும் இசபெல்லா சொல்லியிருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கலாம்!

"பாவி, இத என்கிட்ட சொல்லாமப் போயிட்டியே" என்றாள்.

வாத்தியார் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "இப்பத்தானேம்மா கேட்டீங்க" என்றார். அவள் காராச்சேவை நிறுத்துத் தாளில் கொட்டி மடித்தாள்.