காகித உருவத்தில் ஒட்டிய அறிவிப்பு

1. படிக்காமல் வெட்டியது

என் வீட்டுக்காரர் கோ தெய்ன் பர்மாக்காரர். அவரும் நானும் பர்மாவில் இன்சீன் என்ற ஊரில் ஒரே அறையில் முப்பது வருடமாகக் காகிதத்தில் ஆளுயர மனித உருவங்கள் செய்கிறோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் பசையின் பக்குவத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது ஒரு நாள் பாடம். எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆனது வேறொன்று.

ஆண் உருவம் எதுவானாலும், கோ தெய்ன் உடம்பில் எடுத்த பிளாஸ்டர் அச்சுதான். அதற்குள் ஈரப் பேப்பரை ஏழு அடுக்கு ஒட்டிக் காயவைத்து எடுப்போம். மனிதர் சாப்பாட்டுப் பிரியர். அதனால் நாங்கள் செய்யும் கைதி உருவங்களுக்கும் தொப்பை விழும். அதை மட்டும் பிறகு அறுத்துக் குறைப்போம்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரசுப் பத்திரிகையில் ஒரு வகை அறிவிப்பு வர ஆரம்பித்தது. போராடப் போன பிள்ளையை, இனி இவன் எங்கள் பிள்ளை இல்லை என்று பெற்றவர்களே பெயர் போட்டு அறிவிப்பார்கள். அப்படிச் செய்தால் வீட்டுக்கு சீல் வைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த அறிவிப்புகளை வெட்டி, ஓர் இளைஞன் உருவத்தின் மேல் எழுத்து தெரியும்படி ஒட்டினேன். எத்தனையோ வெட்டியதில் பெயர்களை நான் படிக்கவே இல்லை. நம்பிக்கையான சிலரை மட்டும் அழைத்து அறையிலேயே காட்டுவதாக ஏற்பாடு. பெரிதாகச் சாதித்துவிட்ட பெருமை வேறு எனக்கு.

2. பேட்டரி மாற்ற வந்தவர்

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் முத்தையா இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற வந்தார். பிளக்கை எட்டுவதற்காக உருவத்தின் மேலிருந்த துணியை விலக்கியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது எம்பேருல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பேப்பர்ல வந்ததுதானே முத்தையா. ஊரே படிச்சதுதானே?"

"பேப்பர்ல போட்டது ராணுவக்காரங்களுக்குச் சொன்னதுக்கா. வீட்டுக்கு சீல் வச்சுட்டா, படுக்கையில கெடக்குற எம்பொண்டாட்டிய நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? இங்க ஒட்டுனா நான் எம்புள்ளகிட்டயே சொன்ன மாதிரி ஆயிடும்."

கூனிக் குறுகிப் போனேன். பக்கத்தில் வேலையாக இருந்த கோ தெய்னும் வந்தார்; உருவத்தின் நெஞ்சில் ஈரத் துணியைப் போட்டுப் பசை ஊறும்வரை காத்திருந்தோம். அறிவிப்பு கிழியாமல் உரிந்து வந்தது. முத்தையா அதை வாங்கிக் கசக்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். வேலையைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். அவர் உருவத்தின் மேல்கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு தடி இல்லக்கா அவன்."

கோ தெய்னுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எவ்ளோ?"

முத்தையா விரலால் வளையம் போட்டுக் காட்டினார். கையை அறுத்து ஒடுக்கினோம். பிறகு தோள். பிறகு கழுத்து. உயரத்துக்குத் தன் புருவத்தில் கையை வைத்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அந்த உருவத்தில் என் வீட்டுக்காரர் ஒரு துளியும் மிச்சமில்லை.

நான் முகத்துக்குக் களிமண்ணை எடுத்தேன். முத்தையா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முகம் மட்டும் வேணாங்க்கா. இன்னும் அவனத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அன்றிலிருந்து, உரியவரைக் கேட்காமல் நாங்கள் ஒரு பெயரையும் ஒட்டுவதில்லை. மற்ற அறிவிப்புகளையும் உரித்துவிட்டோம். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் துக்கத்தை எடுத்துக் கையாள நமக்கு உரிமை வந்துவிடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அந்த உருவத்தை நாங்கள் யாருக்கும் காட்டவில்லை. முத்தையா வாராவாரம் பேட்டரியில் தண்ணீர் பார்க்க வருகிறார். புது பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பது எனக்கும் தெரியும். உருவம் இருக்கும் அறைக் கதவைத் திறந்துவிட்டு நான் டீ போடப் போய்விடுவேன்.