நர்ஸ் சொன்னதில் நான் சொன்னது

எட்டு வயதில் எனக்கு அலுத்துப்போன வேலை ஒன்று இருந்தது: அம்மாவுக்கு வாயாக இருப்பது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி, மராத்தி பேசும் சாங்விக்கு வந்து பத்து வருடமாகியும் அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் ஏறவில்லை. அப்பா விடிவதற்கு முன்பே ஃபேக்டரிக்குப் போய்விடுவார். காய்காரர், கேஸ்காரர், என் டீச்சர் எல்லோரிடமும் நான்தான் பேசித் தொலைக்க வேண்டும். டீச்சர் என்னைப் பற்றிச் சொன்ன புகாரைக்கூட அம்மாவிடம் நானேதான் சொன்னேன். எப்படிச் சொல்லியிருப்பேன் என்று கேட்கவே வேண்டாம்.

ஒன்றரை மாதத் தங்கைக்குத் தடுப்பூசி போடவும் பள்ளிக்கு மட்டம் போட வைத்து அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்ததே எனக்கு எரிச்சல். அது முடிந்ததும் நர்ஸ் மராத்தியில் பேச ஆரம்பித்தாள், பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் வருமாம். மருந்து குடுக்கணுமாம்."

"ஏட்டி, அம்புட்டு நேரம் பேசுனாவ, இவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

மத்தியானம் பால் கொடுக்கத் தூக்கியபோது தங்கை அம்மாவின் கையில் துவண்டு தொங்கினாள். உதடு வெளிறியிருந்தது. கண் பாதி திறந்திருந்தும் கூப்பிட்டால் பார்க்கவில்லை, காலைக் கிள்ளினாலும் அழவில்லை. அம்மா அவளை உலுக்கினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி சர்க்கரைத் தண்ணீர் கலக்கினாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அம்மா என்னைக் கேட்க, அம்மா என்ன சொல்கிறாள் என்று அவள் என்னைக் கேட்க, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஸ்பூன் தங்கையின் வாயருகே போனபோதுதான் காலையில் நான் விழுங்கிய மராத்தியெல்லாம் நினைவுக்கு வந்தது. இரண்டு மொழியிலும் கத்தினேன். ஊசிக்குப் பிறகு சில குழந்தைகள் இப்படித் துவண்டுபோகும்; உலுக்கக்கூடாது, வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். ரிக்‌ஷாவில் தங்கையை மடியில் மல்லாக்கப் போட்டு, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். தங்கை செத்துப்போவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே தங்கைக்கு நிறம் திரும்பியது; கை காலை அசைத்து, கடைசியில் வீறிட்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். பெரும்பாலும் இது தானாகவே சரியாகிவிடும், இருந்தாலும் கண்காணிக்க வேண்டும், அடுத்த ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் டாக்டர். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு உலுக்கியதையும் ஸ்பூனையும் நானே உளறிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் இவ்வளவு சொன்னேனே, ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மாவைக் கேட்கச் சொன்னாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். "நர்சம்மா எல்லாத்தையும் சொன்னாவ, எனக்குத்தான் மறந்து போச்சுன்னு சொல்லு."

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். நர்ஸ் திட்டத் திட்ட அம்மா தலையாட்டிக்கொண்டு நின்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லித்தான் இருப்பேன், அம்மாதான் மறந்துவிட்டாள் என்று வீட்டுக்கு வருவதற்குள் நானே நம்பிவிட்டேன். இப்படி ஒரு மறதிக்காரியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவது என்று எரிச்சலாகக்கூட இருந்தது.