உஷாராணி விற்ற நாற்பத்தைந்து தோட்டாக்கள்

துப்பாக்கிக் கடையில் வேலை செய்வதாக உஷாராணி சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப் பேர் அவளை ஜவுளிக்கடைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை. திருத்தினால், "ஐயோ, பயமா இல்லையாக்கா?" என்று கேட்பார்கள். துப்பாக்கியைக் கண்டு அவளுக்கு என்றைக்குமே பயம் வந்ததில்லை. இருபத்தேழு வருடமாக அவளைப் பயமுறுத்துவது, அதற்குத் தோட்டா தேர்ந்தெடுக்க வரும் ஆண்கள்தான்.

முதல்முறை வருகிறவன், "எது நல்லது?" என்று பவ்வியமாகக் கேட்பான். இரண்டாம் முறை வரும்போது அவளுக்கே பாடம் நடத்துவான். மூன்றாம் முறை ஒரு கூட்டாளியை அழைத்துவந்து, இருவருமாகச் சேர்ந்து பாடம் நடத்துவார்கள். கம்பிக் கதவுக்குப் பின்னால் கவுண்டரில் நின்று, தலையை ஆட்டி ஆட்டி அவளுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு தடவைகூட அவள் விசையை இழுத்ததில்லை. ஆனால் எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும், எதில் நிற்கும், எதில் நிற்காது என்பதெல்லாம் சமையல்கட்டு டப்பாக்கள் மாதிரி அவளுக்கு அத்துப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் கண்ணப்பன். கிள்ளானில் அச்சகம் நடத்துகிற செட்டியார், வயது அறுபத்திரண்டு. டெங்கில் பக்கம் அவருக்குப் பதினெட்டு ஏக்கரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் இருந்தது. போன வருடம் பழைய மரங்களைச் சாய்த்துக் கிழக்குப் பக்கம் முழுக்கப் புதுக் கன்று வைத்தார். காட்டுப்பன்றிகள் வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயின. சுடுவதற்கு வனவிலங்கு இலாகாவில் அனுமதி வாங்கிவிட்டார். போலீஸ் பெர்மிட்டில் ஐம்பது தோட்டா. பன்றியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தார்.

"உஷா, ஸ்லக் குடும்மா. இருக்கறதுலயே பலமானது."

ஸ்லக் என்பது ஒற்றைக் குண்டுத் தோட்டா. கட்டைவிரல் கனத்துக்கு ஒரே ஈயக் கட்டி. பட்டால் எருமையும் சாயும்.

"எதுக்குண்ணே ஸ்லக்கு? பன்னிக்கு எஸ்.ஜி. போதுமே. ஒம்போது ரவை இருக்கு, கிட்டத்துல நின்னு போட்டா அப்படியே உக்காந்துரும்."

"எஸ்.ஜி.யெல்லாம் சின்னப் பசங்க போடறது." கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், செத்துக்கிடந்த ஆப்பிரிக்க எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா பாக்கறேன். முக்கியமானது ஊடுருவல். தோள்பட்டை எலும்ப உடைச்சிக்கிட்டு அந்தப் பக்கம் வந்துரணும்."

"அந்தப் பக்கம் வந்து?"

"என்ன வந்து?"

"வந்து எங்கண்ணே போகும்?"

"எங்கயாவது போகும்லா. அது ஏன் நமக்கு?"

உஷாராணி பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது இப்படிப் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது.

"அண்ணே, ஸ்லக்கு பன்னியோட நிக்காது. தவறிப்போனா முக்கால் கிலோமீட்டர் தாண்டியும் போகும். பன்னிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"செம்பனை."

"அதுக்குப் பின்னால?"

"வேலி."

"அதுக்குப் பின்னால?"

கண்ணப்பன் எரிச்சலானார். "என் வேலிக்கு அந்தாண்ட நான் ஏம்மா போறேன்? தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்கற மண்டோருக்குத்தான் தெரியும். ஒரு நீலத் தண்ணித்தொட்டி தெரியும், அத பாத்தாப்புல நாற்காலி போட்டு உக்காரப் போறோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஏழு பேரு."

அந்த நீலத் தொட்டியின் அடியில்தான் அவள் தங்கை புஷ்பவல்லியின் வீடு. வரிசையில் கடைசி வீடு. பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டி வேலி.

"அங்க என் தங்கச்சி வீடுண்ணே."

"அட!" கண்ணப்பன் முகம் மலர்ந்தது. "மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒரு தொடை அனுப்பிடறேன். கறி நல்லா சமைப்பாங்களா?"

அவள் திரும்பித் தவுக்கேயைப் பார்த்தாள். கடைக்காரச் சீனர் செய்தித்தாளை விலக்காமலே, லைசென்ஸ் இருக்கிறது, பெர்மிட் இருக்கிறது, கொடுத்து அனுப்பு என்று மலாயில் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்ததில்லை.

வேறு வழியில்லாமல் பதிவேட்டைத் திறந்தாள். "எத்தனை வேணும்ணே?"

"அம்பத்தொண்ணு."

"பெர்மிட் அம்பதுக்குத்தான்."

"அம்பதுன்னு எடுத்தா காரியம் உருப்படுமா? மொய்யே ஒண்ணு கூட வச்சுத்தானே எழுதறோம்?"

"மொய் எழுதினா யாரும் புடிச்சு உள்ள வைக்க மாட்டாங்க. ஒரு தோட்டா கூடிச்சுன்னா என்னையும் உங்களையும் ஒரே லோக்கப்புல போடுவாங்க."

அவர் யோசித்தார். அவளுக்கும் யோசனை ஒன்று ஓடியது. "அண்ணே, ஸ்லக்கு அஞ்சஞ்சா டப்பாவுல வருது. பிரிச்சு விக்கறதில்ல. எஸ்.ஜி.ன்னா சில்லறையாவே தருவேன், நாப்பத்தொம்போதுகூட எடுத்துக்கலாம்." இதோ மாட்டினார் என்று அவள் நினைத்தாள். சாஸ்திரம் பார்க்கிற மனிதர், ஐம்பது என்ற இரட்டை எண்ணைத் தொட மாட்டார், எஸ்.ஜி.க்கு இறங்கித்தானே ஆக வேண்டும்?

கண்ணப்பன் விரல்விட்டு எண்ணினார். திடீரென்று கவுண்டரை ஓங்கித் தட்டினார்.

"நாப்பத்தஞ்சு! ஒம்போது டப்பா. நாலும் அஞ்சும் ஒம்போது. உஷா, இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

ஒன்பது டப்பாக்களையும் அவள்தான் எடுத்து அடுக்கினாள். பதிவேட்டில் அவள்தான் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு தண்ணீர் குடித்தாள்.

அன்று மாலை தங்கைக்குப் போன் போட்டாள். "புஷ்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ இங்க வந்துரு."

"எதுக்குக்கா?"

"உங்க பின்னால இருக்கற செட்டியாரு பன்னி சுட வராரு."

"வரட்டும், வரட்டும்! நாலு குழி மரவள்ளி போச்சுக்கா. அந்தாளு இருக்கானா செத்தானான்னு இவ்வளவு நாளா தெரியல. இப்பவாவது ரோஷம் வந்துச்சே."

"அடியே, குண்டு உன் பக்கம் பாத்து வரும்டி."

"பன்னிய பாத்துச் சுடத் தெரியாதவனா வரான்?"

"ஆமா. அப்படிப்பட்டவன்தான் வரான்."

புஷ்பவல்லி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் மாதவி குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள், வடைக்கு ஊறப்போடப் போகிறேன், வீட்டைப் போட்டுவிட்டு வர முடியாது என்றாள். உஷாராணி போனை வைத்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்து, "இவளுங்களையும் திருத்த முடியாது" என்றாள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையிலேயே கண்ணப்பனைக் கூப்பிட்டு, கடையின் பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் நேரில் வந்து இடம் பார்த்துத் தருகிற சேவை ஒன்று உண்டு என்றாள். அப்படி ஒரு சேவை அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. கண்ணப்பன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் என்ற சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. தோட்டத்து வாசலில் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகக் காத்திருந்தார்.

"கிழக்கு எல்லை எந்தப் பக்கம்ணே?"

அவர் வடக்கே கை காட்டினார். மண்டோர் மெதுவாக அந்தக் கையைத் திருப்பிவிட்டார்.

சேறும் முள்ளுமாகக் கால் மணி நேரம் நடந்தார்கள். இருபது வருடமாகத் தன் பேரில் இருக்கும் நிலத்தில் கண்ணப்பன் ஊருக்குப் புதிதாக வந்தவர்போல நடந்தார். சோறு போடுகிற மண் என்று இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் வழுக்கினார். கடைசியில் மண்டோர் ஒரு மேட்டில் நின்று, நாற்காலி போடுகிற இடம் இதுதான் என்றார்.

"உக்காருங்கண்ணே," என்றாள் உஷாராணி. கட்டை ஒன்றில் உட்கார்ந்தார். "கையைத் துப்பாக்கி மாதிரி வச்சுக்குங்க. பன்னி, அது தோண்டிப்போட்ட அந்தக் குழிகிட்ட வருது. இப்ப பாருங்க."

இடது கையை நீட்டி, வலது கையை முகவாயில் ஒட்டி, ஒரு கண்ணை மூடினார். வரிசை பிடித்து நட்ட கன்றுகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு சந்து நீண்டது. குழி, அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் கொடியில் காய்கிற கைலி, அதற்கப்பால் திறந்த சன்னல். சன்னலில் ஒரு பெண் கரண்டியும் கையுமாக நின்று, யாரோ தன்னைக் குறிபார்ப்பதைக் கண்டு கண்ணைச் சுருக்கினாள்.

"யாருடா அது?" என்றது சன்னல்.

கண்ணப்பன் கையை மெல்ல இறக்கினார். தூரம் இருநூறு மீட்டர்கூட இராது.

பிறகு வந்தது கோபம். "வீட்டை இங்க கட்டச் சொன்னது யாரு?"

"பதினாலு வருஷமா இருக்குண்ணே."

"யாரும் சொல்லலையே."

"சொன்னேன். செவ்வாக்கிழமை."

அவர் மண்டோரை முறைத்தார். மண்டோர் செம்பனையை முறைத்தார். புஷ்பவல்லி அதற்குள் வேலிக்கே வந்துவிட்டாள். ஆள் யாரென்று தெரிந்ததும் மரவள்ளிக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பன்றி எங்கே வேலி நுழைகிறது, எத்தனை மணிக்கு, குட்டிகள் எத்தனை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அவளேதான் இடத்தையும் தீர்மானித்தாள்: அவள் வீட்டு வேலியோரம் பரண் கட்ட வேண்டும், முதுகு வீட்டைப் பார்க்க வேண்டும், மேலேயிருந்து கீழே குழியைப் பார்த்துச் சுட வேண்டும். கண்ணப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

ஸ்லக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வழியில் கேட்டார். விற்ற தோட்டாவைக் கடை திரும்ப வாங்காது என்றாள். நாற்பத்தைந்தையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பெர்மிட்டில் மீதமிருந்தது ஐந்து. சனிக்கிழமை வந்து எஸ்.ஜி. ஐந்தே ஐந்து வாங்கிக்கொண்டு போனார். ஏழு பேருக்கு ஐந்து தோட்டா. யாருக்கு எத்தனை என்று கவுண்டரில் நின்றே கைப்பேசியில் அரை மணி நேரம் சண்டை போட்டார். பதிவேட்டை மூடிவிட்டு உஷாராணி கொட்டாவி விட்டாள்.

ஞாயிறு ஐந்தரைக்கு அவள் தங்கை வீட்டுச் சமையலறையில் இருந்தாள். போக வேண்டியதில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. வெளியே பரணில் ஏழு ஆண்கள் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேலி வழியே கழிப்பறை கேட்டார். இன்னொருவர் வடை கேட்டார். இந்தச் சத்தத்துக்குப் பன்றி என்ன, பூனைகூட வராது என்று அவள் நினைத்த நேரத்தில், அறிவில்லாத பன்றி ஒன்று வந்தது.

இரண்டு வெடி. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புஷ்பவல்லியின் கரண்டி எண்ணெயில் விழுந்தது. பிறகு ஏழு பேரும் ஒரே குரலில் கூச்சல். "விழுந்துருச்சு! உஷா, விழுந்துருச்சு!"

உஷாராணி பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பன்றி கிடந்த பக்கம் திரும்பவில்லை. கொடியில் கிடந்த கைலியை ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பின்சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள்.

"என்னக்கா சுவத்தைத் தடவற?"

"பெயின்ட் உரியுதுடி."

"உரிஞ்சா உரியட்டும். உள்ள வா, வடை கருகுது."