அளவு தெரியாத கதிர்

ஆலையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். பற்றவைத்த குழாய்களுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது அவர் வேலை. "அது எக்ஸ்ரே இல்லைய்யா, காமா கதிர்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். "ஏதோ ஒரு கதிர். அறுக்காம படத்தை எடு" என்று வெல்டர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். பிறகு எக்ஸ்ரே என்று கூப்பிட்டாலே திரும்பிப் பார்த்தார்.

கனமான கவசப் பெட்டிக்குள், கதிர் வீசும் இரிடியம் மிளகளவு இருக்கும். நீண்ட கேபிளின் கைப்பிடியைச் சுற்றினால் அது ஒரு குழல் வழியே போய் வெல்டிங்கின் பக்கத்தில் நிற்கும். படம் பதிந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றி, பெட்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை மார்பில் குத்திய பேட்ஜ் பதிந்துகொள்ளும். பதிவு வரம்பை நெருங்கினால் ஆளைக் களத்திலிருந்து எடுத்து மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். களத்து ஆட்களுக்கு மேசை வேப்பங்காய். அதனால் வேலை நெருக்கும் மாதங்களில் பேட்ஜை உடை மாற்றும் அறையிலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். "நான் செத்தாலும் என் பேட்ஜ் நூறு வருஷம் இருக்கும்டா" என்று அவரும் சிரித்திருக்கிறார்.

அப்படி ஒரு மாதத்தில் இரிடியம் திரும்பி வரவில்லை. குழல் எங்கோ மடங்கிக்கொண்டது. எல்லாரையும் வெளியேற்றிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரிக்காகக் காத்திருப்பதுதான் முறை. அதிகாரி வந்தால் முதலில் பேட்ஜைக் கேட்பார். எக்ஸ்ரே இடுக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், மடிப்பை நிமிர்த்தினார், ஓடி வந்து கைப்பிடியைச் சுற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது என்று அன்று நினைத்தார். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த நேரம் நீண்டுகொண்டே போனது.

அப்போது மகளுக்கு மூன்று வயது. அடுத்த வருடம் மகன் பிறந்தான்.

நாலு வயதில் அவன் தரையிலிருந்து எழுந்த விதத்தை அவர்தான் முதலில் கவனித்தார். கைகளை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி நின்றான். "பாருங்க, கிழவன் மாதிரி எழுந்திரிக்கிறான்" என்று மனைவி சிரித்தாள். தசை கரையும் நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் சொன்ன அன்று அவர் வெளியூர்க் களத்தில் இருந்தார். திரும்பி வந்தவரிடம் மனைவி நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான். நான்தான் கொண்டுவந்து இவன் மேல கொட்டிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் தானாகவே களத்தை விட்டு ஆலையின் பொருள்கிடங்கில் உட்கார்ந்தார். நட்டு, போல்ட், கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை. மனைவி இன்னொரு குழந்தை வேண்டும் என்றபோது, "ஒருத்தனை இந்தக் கதிக்கு ஆளாக்கினது போதாதா?" என்றார். அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. அவர் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். தன் உடம்பிலிருந்து கதிர் எதுவும் அவளுக்கு ஒட்டாது என்று அவருக்கே தெரியும். அதைப் படித்துத் தேர்வு எழுதியவர்தான். அளவு தெரிந்திருந்தால் பயத்துக்கு ஓர் எல்லை இருந்திருக்கும். அந்த அளவை அவரே உடை மாற்றும் அறையில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

மகன் சக்கர நாற்காலியிலிருந்தே வாயாடினான். "அப்பா, தூக்கும்போது மூச்சுப் பிடிக்காதீங்க, நான் சிமெண்ட் மூட்டை இல்ல." பத்தொன்பது வயதில் மூச்சுத் தசைகளும் போன பிறகு, ஒரு காலையில் போய்விட்டான்.

மகள் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகி முதல் குழந்தை உண்டானபோது இனிப்போடு வரவில்லை. நேரே கிடங்குக்கு வந்து, அவர் எதிரே இருந்த பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மாவோட ரத்தம் வேணும்."

"உங்கம்மா ரத்தம் எதுக்கும்மா? தப்பு என் பக்கம். நீ அதுக்கு முன்னால பொறந்தவ, உனக்குப் பயமில்ல."

"உங்க பக்கம் இருக்கவே முடியாதுப்பா. இந்த நோய் எக்ஸ் குரோமோசோம்ல வர்றது. பையனுக்கு நீங்க குடுத்தது ஒய் மட்டும். எக்ஸ் அம்மா குடுத்தது. உங்க மேல எவ்வளவு கதிர் பட்டிருந்தாலும் தம்பிக்கு இது உங்ககிட்டேர்ந்து வந்திருக்காது."

அவர் கையிலிருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்லயே. சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க எந்திரிச்சுடுவீங்க, அம்மா விழுந்துடுவாங்க. யாரைத் தள்ளி விடச் சொல்றீங்க? இப்ப எனக்கு வேற வழியில்லப்பா. அம்மாகிட்ட அது இருந்தா என்கிட்டயும் இருக்கலாம். உள்ள இருக்கிறது பையனா இருந்தா..."

"நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காதே."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. "அவளுக்கு உன் ரத்தம் வேணுமாம்" என்றார்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். அன்னிக்கே டாக்டர் சொன்னாரு, அம்மா வழியா வர்ற நோய்னு."

"என்னிக்கு?"

"நீங்க வெளியூர்ல இருந்த அன்னிக்கு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க என்னாலதான்னு அழுதீங்க. உங்கம்மா அதுக்கு முன்னாடியே என்னைக் குத்தவாளி மாதிரி பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன்." ஒரு சட்டையை எடுத்து அதன் காலரை நீவினாள். "நாளைக்கு நாளைக்குன்னு அவனே போயிட்டான்."

"நான் கூடத்துல படுத்தேனேடி."

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் கத்தியிருக்கலாம். அவள் அதற்குத் தயாராக இருப்பதும் தெரிந்தது. மடிக்காத துணியை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மரபணு டாக்டர் மகளைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். பையனின் பழைய ரத்த மாதிரியில் இருந்த பிழை அம்மாவின் ரத்தத்தில் இல்லை, மகளுக்கும் இல்லை, வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றாள். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மனைவிக்குத்தான் விளங்கவில்லை. "அப்ப என் பிள்ளைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"புதுசா வந்ததும்மா. ஒரு முட்டை உருவாகும்போது எழுத்துப் பிசகுற மாதிரி. உங்க உடம்புல மத்த இடத்துல இல்ல. இந்த நோயில கொஞ்சம் பேருக்கு இப்படித்தான் வருது."

"இவரு வேலை? அந்தக் கதிரு?"

"அதனால இல்ல. அப்படிக் கதிர் பட்டவங்க பிள்ளைங்க நிறைய பேரை வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க. மத்த பிள்ளைங்களைவிடக் கூடுதலா எதுவும் தெளிவா தெரியலை."

"அப்ப தப்பு யாரு மேல?"

"யார் மேலயும் இல்லம்மா."

சின்னப் பெண் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். எக்ஸ்ரேவுக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. குற்றம் என்று ஒன்று இருந்தவரை அதற்குத் தண்டனையாக இந்த வருடங்களைச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

மகள் புருஷனுக்குப் போன் செய்ய வாசலுக்கு ஓடினாள். இருவரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகள் சிரிப்பது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது.

"இன்னொண்ணு பெத்திருக்கலாம்" என்றாள் மனைவி.

"ம்."

"ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டே. உண்மையைச் சொல்லிட்டுக் கேட்டிருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் சொல்லியிருக்கக்கூடியது, தன் வழியாக வந்தது என்ற ஒரு தவறான உண்மைதான். என்னாலதான் என்று அவர் சொன்னதும் அப்படி ஒன்றுதான்.

கதவுக்கு வெளியே மகள் போனை வைத்தாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவ வர்றா. மூஞ்சியைச் சந்தோஷமா வச்சுக்குங்க."

"நீ முதல்ல வை, பார்த்து நானும் வைக்கிறேன்."

அவள் முயன்று பார்த்தாள். சரியாக வரவில்லை. அதற்குள் மகள் வந்துவிட்டாள்.