வேலியில் மாட்டாத குடை

புளித்த கஞ்சியின் வாடை எங்கிருந்து வந்தாலும் சரி, என் கை குடையைத் தேடும். வானம் வெளுத்துக் கிடந்தாலும் தேடும்.

1. மழைக் குமாஸ்தா

கொல்லிமலைக்கு மேற்கே ஒரு தாலுகா கச்சேரியில் எனக்கு மழைக் கணக்கு எழுதும் வேலை. முற்றத்தில் கம்பிவேலிக்குள் ரெயின்கேஜ் இருந்தது. காலை எட்டு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இத்தனை அங்குலம், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கான சென்ட் இத்தனை என்று ரிஜிஸ்டரில் ஏற்றவேண்டும். பெய்து முடிந்த மழைதான் என் பொறுப்பு. வரப்போகும் மழை தந்தியில் வரும். கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் பட்டணத்திலிருந்து கச்சேரிக்குச் சேதி வந்துவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெருவின் பாவடி, பாவு போடும் திடல். விடியற்காலையில் தறிக்கு ஏற்றவேண்டிய பாவு நூலை முப்பது கஜத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் உலர்த்துவார்கள். ஈரக் கஞ்சிமேல் மழை விழுந்தால் இழையோடு இழை ஒட்டிப் பாவு முழுக்கப் பாழ்.

"சாமி, தந்தியில என்ன வந்துதுன்னு தெனமும் கேக்க வெக்கமா இருக்குதுங்க. ஒரு அடையாளம் வெச்சுடுங்களேன்" என்றார் அர்த்தனாரி. ஒற்றைத் தறி வைத்திருந்தவர், என் வயதுதான்.

அடையாளம் வைத்தேன். மழைச் சேதி வந்தால் சாயங்காலம் வேலியில் என் குடையை மாட்டிவிட்டுப் போவேன். குடை தொங்கினால் மறுநாள் பாவு கிடையாது. ஆறு வருஷம் அது தப்பவில்லை. தெருவே அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு வேலியைப் பார்க்கத் தொடங்கியது. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

2. உத்தரவு

யுத்தம் வந்தது. மழைச் சேதி எதிரிக்குப் போய்விடக்கூடாது என்று கான்பிடென்ஷியல் சர்க்குலர் வந்தது. கச்சேரியில் எனக்கு மேலதிகாரியான சிரஸ்ததார் என்னைக் கூப்பிட்டார்.

"குடை ஜோசியத்தை இன்னியோட மூட்டை கட்டுய்யா. வானம் இப்ப மிலிட்டரி சொத்து."

"மாட்டலேன்னா மழை இல்லேன்னு நெனச்சுக்குவாங்களே, சார்."

"நெனைக்கறதுக்கெல்லாம் நாம பொறுப்பா? நிறுத்திட்டேன்னு சொல்றதும் சேதிதான். வாயைத் தெறந்தே, வேலை போயிடும்."

அது ஐப்பசி. பத்தாம் நாள் பிற்பகலில் தந்தி வந்தது: உள்மாவட்டங்களில் கனமழை. அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். காற்று செத்துக் கிடந்தது. கொல்லிமலை, கை நீட்டினால் தொடலாம்போல, மரம் மரமாகத் தெரிந்தது. மலை அப்படிக் கிட்டே வந்து நின்றால் மழை என்பது அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும்.

வேலியோரம் அர்த்தனாரி நின்றிருந்தார். நூலுக்குப் பஞ்சமான காலம். இரண்டு மாதம் அலைந்து ஒரே ஒரு பாவுக்கு நூல் வாங்கியிருந்தார். அது போனால் தறி நின்றுவிடும்.

"ஏனுங்க சாமி, மலை கிட்டத்துல நிக்குது. வேலியில குடையக் காணோம்?"

என் முதுகுக்குப் பின்னால் கச்சேரிப் படியில் சிரஸ்ததாரின் செருப்புச் சத்தம்.

"கையிலதான் இருக்குது. வெயிலுக்குக் கொண்டாந்தேனுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்பச் சரிங்க. மலை பொய் சொல்லும், உங்க குடை பொய் சொல்லாதுங்க. வெடியால பாவு போட்டுடறேன்."

நான் நடந்தேன். வீடுவரைக்கும் நடந்தேன். திரும்பிப் போக எனக்குக் கால் இருந்தது.

3. இரண்டு அங்குலம் பதினாறு சென்ட்

மறுநாள் காலை ஆறு மணிக்கு இடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாவடியில் அர்த்தனாரியும் அவர் சம்சாரமும் பாவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கே ஓடினாலும் மழைதான். இழைகள் சடைசடையாகத் திரண்டன. அந்த அம்மாள் ஈர நூலை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி கரைந்து பாலாக ஓடிவந்து வேலிக்கடியில் புகுந்து என் காலை நனைத்தது.

எட்டு மணிக்குக் கிளாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அந்தத் தண்ணீர் மட்டும் பளிங்காக இருந்தது. இரண்டு அங்குலம் பதினாறு சென்ட். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த வருஷம் இன்ஸ்பெக்ஷனில் என் ரிஜிஸ்டரைப் பாராட்டி எழுதினார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஐப்பசியில் காற்று நின்று மலை தெளிந்தால் மழை. அதற்குத் தந்தி வேண்டாம். ஊரார் கண்ணை வானத்திலிருந்து உங்கள் பக்கம் திருப்பிவிடாதீர்கள். திருப்பிவிட்டீர்களானால், நீங்கள் மாட்டாத குடையும் அவர்களிடம் பேசிக்கொண்டேயிருக்கும்.

கார்த்திகையில் அர்த்தனாரி தறியைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டூருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினார். தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு ஓடினேன்.

"உத்தரவுங்க. தந்தி வந்திருந்துது. சொன்னா வேலை போயிடும்னாங்க."

"தெரியுமுங்க. உங்க கச்சேரிப் பியூனே சொன்னானுங்க" என்றார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பஸ் வந்தது. குடையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். அவர் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்:

"நீங்களே வெச்சுக்குங்க, சாமி. அது உங்க கையில இருந்தப்பத்தானுங்களே நாங்க நனைஞ்சோம்."