மூன்று தடவை கூப்பிட்டவர்

நீலகிரியில் வெள்ளைக்காரன் கட்டிய பழைய கோர்ட் ஒன்றுக்கு ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். அங்கேதான் அந்த டவாலியைப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பளபளக்கும் பித்தளை வில்லை. வராந்தாவில் நின்று பெயர் கூப்பிடுவது அவர் வேலை. எஸ்டேட் முதலாளிகளின் பெயரென்றால் எதிர்மலை வரை கேட்கும். கூலிக்காரர்கள் பெயரென்றால் குனிந்து தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வார்.

இலங்கையிலிருந்து வந்து தேயிலை பறிக்கும் பெண்ணொருத்தி தூணருகே நின்றிருந்தாள். குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவள்மேல் வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லை. டவாலியின் உதடு மூன்று தடவை அசைந்தது. உள்ளே போய்விட்டார். ஆள் வரவில்லையென்று அவளுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டதாகக் கொஞ்ச நேரத்தில் ஒரு குமாஸ்தா வந்து சொன்னார்.

"காலையிலருந்து இங்கதானே நின்னேன் சேர்!" என்று அவள் அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டவாலியிடம் போய், "ஏனுங்க, பக்கத்துல நின்ன எனக்கே கேக்கலீங்களே?" என்றேன்.

அவர் பட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "மூணு தடவை கூப்பிடோணும்னுதானுங்க ரூலு. கேக்கோணும்னு எங்கீங்க எழுதியிருக்குது?"

அத்தனை அற்பமான மனிதரை அதன்பின் நான் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் என் பெயரைக் கூரை அதிரக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். ஏன் கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.